ஜெனரல் ஷிப்ட்

வெள்ளை மாருதி ஆம்னி. எண் டிஎன் 13 என்று தொடங்குவதால் அம்பத்தூர் வண்டி. தண்டலத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செம்பரம்பாக்கம் ஏரியின் மேற்குப் பக்கத்து மண் பாதையில் வருகிறது. இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. பின்னால் வந்த பால்காரர் ஹாரன் அடித்துப் பார்க்கிறார். அலுத்துப்போய்ப் புல்லில் இறங்கி முந்திக்கொண்டு போகிறார். வண்டி ஓட்டுகிற பெரியவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, போ போ என்று வழியனுப்புகிறார்.

மாசி மாதம், வார நாள், காலை எட்டு மணி. அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கின்றன. இந்தப் பக்கம் தண்ணீர் பின்வாங்கிய நிலத்தில் புல் முளைத்து மாடுகள் மேய்கின்றன. அதற்கப்பால் கோரை, அதற்கும் அப்பால் ஏரி. நிரம்பினால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் முதல் தேதி விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரையை நடுங்க வைத்ததும் இதே ஏரிதான். 2019 கோடையில் வறண்டு, சென்னைக்காரர்களைக் குடத்தோடு தெருவில் நிறுத்தியதும் இதே ஏரிதான். இன்றைக்கு இரண்டு கோபமும் இல்லாமல் கிடக்கிறது.

கருவேல மர நிழலாகப் பார்த்து வண்டி நிற்கிறது. பெரியவர் இறங்கி, சீட்டுக்கடியிலிருந்து இரண்டு செங்கல்லை எடுத்துப் பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கிறார். வண்டியைச் சுற்றி ஒரு நடை. நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்த பிறகுதான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்கிறார். அவர் மனைவி, அந்த அம்மா, இறங்குகிறார். இறங்கியதும் அவர் பார்ப்பது ஏரியை அல்ல, காற்றை. முந்தானை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, “இந்தப் பக்கம் வேணாங்க, அந்தக் கோரையாண்ட போலாம்” என்கிறார். முட்டுக் கொடுத்த செங்கற்கள் மறுபடி சீட்டுக்கடியில் போகின்றன. வண்டி ஐம்பதடி நகர்கிறது. பெரியவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

பின் கதவு மேலே தூக்கிக்கொண்டபோது உள்ளே இருப்பது தெரிகிறது. பின் சீட்டை மடக்கிப் போட்டு, அதன்மேல் அளவாக அறுத்த பிளைவுட் பலகை. பலகைமேல் இலவம்பஞ்சு மெத்தை, இரண்டு தலையணை. பழைய வாயில் புடவையைக் கிழித்துத் தைத்த ஜன்னல் திரை. பலகைக்குக் கீழே இருபது லிட்டர் தண்ணீர் கேன், ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, சாக்கில் சுற்றிய அரிவாள்மனை, கொசுவலை, கொடிக்கயிறு. எதிர்க் கண்ணாடிக்குக் கீழே திருவேற்காடு கருமாரியம்மன். மாருதிக்காரர்கள் இந்த ஆம்னியை 2019-ல் நிறுத்திவிட்டார்கள். ஸ்கூல் பிள்ளைகளை அடைத்துக்கொண்டும், காய்கறி மூட்டை சுமந்தும், ஆம்புலன்ஸாகச் சங்கு ஊதியும் ஊரெல்லாம் ஓடி உழைத்த வண்டி. இந்த ஒரு ஆம்னிக்கு மட்டும் வயதான காலத்தில் படுத்து எழுந்திருக்கிற வேலை கிடைத்திருக்கிறது.

மடக்கு நாற்காலி இரண்டு. ஒன்றில் மட்டும் மெத்தை கட்டியிருக்கிறது, அது அம்மாவுக்கு.

பெரியவரின் தூண்டில் ஆன்லைனில் வந்தது என்பது அதன் உறையைப் பார்த்தாலே தெரியும். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் கழி, ரீல், ஒரு பெட்டி நிறையப் பளபளக்கும் ரப்பர் மீன்கள். அவர் மாட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. அம்மாவின் தூண்டில் மூங்கில் கழி. அதன் நுனியில் தங்கூஸ் நரம்பு, ஒரு சின்ன முள், கடலைப்பருப்பு அளவு ஈயம், தக்கைக்கு ரப்பர் செருப்பில் வெட்டிய நீலத் துண்டு. இவர் உட்கார்ந்த மறு நிமிடம் அது தண்ணீரில் இருக்கிறது.

நெய் டப்பாவில் ஈர மண்ணும் மண்புழுவும். ஒரு புழுவை எடுக்கிறார், முழுசாகப் போடவில்லை. நகத்தால் கிள்ளி, அரை விரற்கடை மட்டும் முள்ளில் ஏற்றி, நுனியில் கொஞ்சம் நெளிய விடுகிறார். மிச்சம் டப்பாவுக்குள் திரும்புகிறது. தக்கை தண்ணீரில் நிமிர்ந்து நிற்கிறது. முதலில் அது லேசாகத் துடிக்கிறது. அம்மா அசையவில்லை. இரண்டு முறை குதிக்கிறது. அசையவில்லை. பொடிசுகள் புழுவைக் கொத்திப் பார்க்கின்றன; அவசரப்பட்டால் முள்ளுதான் மிஞ்சும். பிறகு தக்கை ஒரு பக்கமாகப் படுக்கிறது, சறுக்கிக்கொண்டே ஓடுகிறது, முங்குகிறது. அந்த நேரத்தில் மணிக்கட்டு மட்டும் ஒரு சொடுக்கு. உள்ளங்கை அகல ஜிலேபி, முதுகு முள்ளை விரித்துக்கொண்டு வெயிலில் துள்ளுகிறது.

மீனை முள்ளிலிருந்து எடுப்பது பெரியவர் வேலை. ஜிலேபியின் முதுகு முள் கையைக் கிழித்துவிடும். தலையிலிருந்து வாலை நோக்கிக் கையை வழித்து, முள்ளை அமுக்கிப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். அதைச் செய்ய அவர் தன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருகிறார். கழற்றி வாளியில் போட்டுவிட்டுப் போய் உட்கார்கிறார். உட்கார்ந்ததும் அடுத்தது. மறுபடி எழுந்து வருகிறார். அவருடைய ரப்பர் மீனை இதுவரை எந்த மீனும் மதிக்கவில்லை.

ஏரிக்கரையில் இரண்டு பேர் தூண்டில் போட்டால் மூன்றாவதாக ஒருவர் வந்து நிற்பது நம் ஊர் வழக்கம். இன்றைக்கு வந்தவன் ஒரு கல்லூரிப் பையன். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, கல்லூரி இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் நடை. பைக்கை வேலிக்காத்தான் ஓரம் சாய்த்துவிட்டு வந்து, முதலில் மீனைப் பார்க்காமல் வண்டியைப் பார்க்கிறான்.

“அங்கிள், ஆல்டர் பண்ணிட்டீங்களா? ஆர்டிஓ பர்மிஷன் இல்லாம போலீஸ் புடிக்க மாட்டாங்க?”

“ஒரு போல்ட்கூடப் போடல தம்பி. பலகையத் தூக்கிட்டா பழைய வண்டிதான். ரெண்டு எடத்துல நிறுத்திக் கேட்டாங்க, தூக்கிக் காட்டினேன். ஒருத்தரு மெத்தைய அமுக்கிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு அனுப்பிட்டாரு.”

பையன் கைப்பேசியை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டுகிறான். எங்கோ பனிமலை, பைன் மரம், வீடு அளவு வேன். ஒரு வெள்ளைக்கார தம்பதி ஓடைக்குள் முழங்காலளவு நின்று டிரவுட் பிடிக்கிறார்கள். “இதே மாதிரி அங்கிள். மாசக்கணக்கா வேன்லயே சுத்தறாங்க.”

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிறார். “இந்த மீனு நம்ம ஊர்லயும் இருக்கு. அவலாஞ்சில. பாத்துட்டு வந்தோம்.”

“ஊட்டிக்கு இந்த வண்டிலயா? எத்தன நாளாச்சு?”

“ஒரு வாரம்.”

“பஸ்ல ஒரு ராத்திரி அங்கிள்.”

“பஸ்ல போனா ஊட்டிக்குத்தான தம்பி போவ?”

பையனுக்குப் புரியவில்லை. பெரியவர் விரலை மடக்கி வழி சொல்கிறார். கிருஷ்ணகிரி அணை. ஒகேனக்கல். மேட்டூர். பவானிசாகர். அப்புறம்தான் மலை. ராத்திரியில் பெட்ரோல் பங்க். அங்கே கழிப்பறை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, டீசல் போட வருகிற லாரிக்காரர்கள் துணை இருக்கிறார்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் பலகை ஆடும், அதனால் போவதில்லை. தண்ணீர் கண்ட இடத்தில் நிறுத்துவது; அங்கே மீன் பிடிக்க விட்டால் பிடிப்பது, விடாவிட்டால் வாங்கித் தின்பது. இந்த அணைகள் எல்லாவற்றின் வாசலிலும் வறுவல் கடை உண்டு என்பது தமிழ்நாட்டில் பயணம் செய்த நாக்குக்குத் தெரியும். 1934-ல் கட்டி முடித்த மேட்டூருக்கும் 1955-ல் திறந்த பவானிசாகருக்கும் நீர்ப்பாசனக் கணக்கு வேறு, வறுவல் கணக்கு வேறு. இரண்டாவது கணக்கில் அம்மா தீர்ப்பே எழுதி வைத்திருக்கிறார். தக்கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: “மசாலா பவானிசாகரு. மீனு மேட்டூரு.”

“டிரவுட் புடிச்சீங்களா?”

“அதுக்குச் சீட்டு வாங்கணும், சீசன் பாக்கணும். நாங்க போனப்ப இல்ல. தொட்டில உட்டு வளக்கறாங்கல்ல, அதப் பாத்தோம்.” அம்மா குறுக்கிடுகிறார். “தொட்டில கைய வெச்சேன். வெரலு மரத்துப்போச்சு. அதுலதான் அது உசுரோட இருக்குமாம்.”

டிரவுட் இந்த மலைக்கு வந்த கதையும் அந்தக் குளிரால்தான். நீலகிரிக்கு ஓய்வெடுக்கப் போன வெள்ளைக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து ஓடையும் தூண்டிலும் நினைவுக்கு வந்தன. ஓடை இங்கேயும் இருந்தது, மீன்தான் இல்லை. இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய டாக்டர் பிரான்சிஸ் டே 1860-களிலேயே டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். எச்.சி. வில்சன் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ரெயின்போ டிரவுட் மலையில் நிலைத்தது. தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் டிரவுட் செத்துப்போகும்.

வாளியில் கிடக்கிற ஜிலேபியும் வெளியூர்தான். ஆப்பிரிக்காவில் பிறந்த திலாப்பியா. 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. அதற்கு யாரும் குளிர்ந்த ஓடை தேடவில்லை, பொரிப்பகத்தில் காவல் இருக்கவில்லை. குட்டையில் விட்டார்கள், குட்டையிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து ஏரிக்கும் தானாகவே குடியேறி, உள்ளூர்க் கெண்டையை ஓரங்கட்டி, இன்றைக்குச் சென்னையைச் சுற்றியிருக்கிற அநேகமாக எல்லா நீரிலும் அதுவே பட்டா வாங்கிவிட்டது.

“அந்த டிரவுட்ட நம்ம ஏரில உட்டா ஒரு பொழுது தாங்காது” என்கிறார் பெரியவர். “இத எங்க உட்டாலும் தாங்கும்.”

“இதுவும் தாங்காத ஏரி இருக்கு” என்கிறார் அம்மா. “நம்ம வூட்டாண்ட.”

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ரீலைச் சுற்றுகிறார். வெறும் ரப்பர் மீன் வருகிறது.

வெயில் ஏறுகிறது. பையன் போகிற மாதிரி இல்லை. புல்லில் உட்கார்ந்துவிட்டான். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறான். பெரியவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப். 1964-ல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில் தகடு வெட்டி, துளை போட்டு, அமுக்கி வளைக்கிற கூடங்கள் எத்தனையோ. அதில் ஒன்றில் மூன்று ஷிப்ட் மாற்றி மாற்றி. வலது கை ஆள்காட்டி விரலில் நுனிக் கணு இல்லை. மீனை வழித்துப் பிடிக்கும்போதே அது தெரிந்தது. அம்மா அதே எஸ்டேட்டில் துணி எக்ஸ்போர்ட் கம்பெனி. காலை எட்டரைக்குப் போனால் ஓவர்டைம் முடிந்து வர இருட்டிவிடும்.

“நைட் ஷிப்ட் முடிச்சி நான் தெருமுனைக்கு வருவேன், இவ டிபன் பாக்ஸோட வாசல்ல நிப்பா. சாவியக் கைல குடுத்துட்டு ஓடிடுவா. சாயங்காலம் நான் செகண்ட் ஷிப்ட்ல இருப்பேன். புள்ளைங்கள யாராவது ஒருத்தரு பாத்துக்கணுமே, அதனால வேணும்னே மாத்தி மாத்தி வாங்கிக்கினோம். முப்பது வருசம் சாவி மாத்திக்கினதுதான் குடும்பம்.” சிரிக்கிறார். “இப்ப ரெண்டு பேருக்கும் ஜெனரல் ஷிப்ட்.”

அம்மா திரும்பாமலே சொல்கிறார்: “சம்பளந்தான் இல்ல.”

தக்கை ஓடுகிறது. சொடுக்கு. இந்த முறை ஜிலேபி இல்லை. விரல் நீளக் கெண்டை. அதை அம்மாவே கழற்றுகிறார். உள்ளங்கையில் தண்ணீரோடு வைத்துப் பார்த்துவிட்டு ஏரியில் விடுகிறார். பெரியவர் தன் தூண்டிலை மூன்று துண்டாகக் கழற்றி உறையில் போடுகிறார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் போட்டு உட்காருகிறார். இனி அவருக்குத் தூண்டில் இல்லை. தக்கையைப் பார்ப்பது மட்டும்தான். இருவரும் ஒரே நீலத் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு இல்லை. சண்டை போட்டு வந்த மௌனத்தில் உடம்பு திரும்பியிருக்கும், இதில் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்து அவர் “மோர் இருக்கா?” என்கிறார். “இருக்கு” என்கிறார் அம்மா. யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அவரே போய் எடுத்து வருகிறார்.

பதினொரு மணிக்கு வாளியில் ஏழு மீன். எட்டாவது தேவையில்லை என்று அம்மா கழியைச் சாய்த்துவிடுகிறார். மிச்சப் புழுவை மண்ணோடு மர நிழலில் கொட்டி மூடுகிறார்.

மீன் ஆய்கிற இடம் ஏரியிலிருந்து தள்ளி, புல்லின் நடுவே. அரிவாள்மனையில் செதிள் சீவி, செவுள் கிள்ளி, வயிற்றைக் கீறி, கல்லுப்புப் போட்டுச் சட்டியில் உரசி உரசிக் கழுவுகிறார். கழுவுவதற்குக் கேன் தண்ணீர். பையன் கையைக் கழுவ ஏரிப் பக்கம் போகிறான். “தம்பி, அங்க வாணாம். இங்க வா” என்று அம்மா குரல் கொடுக்கிறார். “அது ஊரு குடிக்கிற தண்ணி.” அவன் திரும்பி வருகிறான். பெரியவர் கேனைச் சாய்த்து அவன் கையில் ஊற்றுகிறார்.

மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கெட்டியாகக் கரைத்த புளி. ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு பக்கமும் மூன்று கீறல். மசாலாவைக் கீறலுக்குள் விரலால் ஏற்றுகிறார். தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்ததும் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்குகிறார். திருப்பிப் போடுவதில் அவசரம் இல்லை. அடிப்பக்கம் முறுகித் தானாகக் கல்லை விட்டால்தான் திருப்பு. தூக்குவாளியில் பழைய சோறும் மோரும். மூன்று தட்டு எடுத்து வைக்கிறார்கள். பையனுக்கு இரண்டு மீன், பெரியவருக்கு மூன்று, அம்மாவுக்கு இரண்டு. முள்ளைக் காகத்துக்கு ஒதுக்குப்புறமாகப் போடுகிறார்கள்.

சாப்பிட்ட பிறகு படுப்பார்கள் என்று பார்த்தால், அம்மா ஒரு காலி பாட்டிலோடு கரையோரம் நடக்கிறார். கோரையில் சிக்கிக்கொண்டிருக்கிற அறுந்த தங்கூஸ் நரம்பை, யார் யாரோ விட்டுப் போனதை, பிரித்துப் பிரித்துப் பாட்டிலுக்குள் சுருட்டி அடைக்கிறார். கொக்கின் காலில் அது சுற்றினால் அறுக்கக் கொக்குக்குக் கத்தி இல்லை. பெரியவர் பின்னாலேயே பிளாஸ்டிக் தட்டுகளையும் மது பாட்டில்களையும் சாக்கில் பொறுக்குகிறார். பிறகுதான் பின் கதவு மேலே தூக்கியிருக்க, புடவைத் திரை காற்றில் ஆட, இருவரும் பகல் தூக்கம் போடுகிறார்கள். பையன் சத்தம் வராமல் பைக்கைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்கிறான்.

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு திட்டமே அறிவித்தது. நல்ல விஷயம்தான், குளிரூட்டிய வண்டி, உள்ளேயே குளியலறை. இந்த ஆம்னிக்காரர்களுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. இவர்கள் செலவழிக்கிற ஒரே பணம் நேரம், அதுவும் முப்பது வருடம் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்காமல் போன நேரம். அதைச் செலவழிக்க ஒரு மரம், ஒரு கரை, மீன் உயிரோடிருக்கிற தண்ணீர் போதும்.

அந்தத் தண்ணீருக்காகத்தான் இவர்கள் பூந்தமல்லி தாண்டி வருகிறார்கள். வீட்டிலிருந்து அம்பத்தூர் ஏரி நடக்கிற தூரம். அடுத்தது கொரட்டூர் ஏரி. அம்பத்தூர், கொரட்டூர், மாதவரம் ஏரிகளில் கலக்கிற சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகப் போயிருக்கின்றன. எந்தப் பேட்டையில் இரண்டு பேரும் உழைத்து ஓய்ந்தார்களோ, அந்தப் பேட்டையின் பக்கத்து ஏரியில் அவர்களால் தூண்டில் போட முடியவில்லை.

ஏரியைச் சுற்றி நடைபாதை போடுகிறார்கள், விளக்கு வைக்கிறார்கள், ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நட்டுப் படம் எடுத்துக்கொள்ள மேடை கட்டுகிறார்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாலையில் நடக்கிற கூட்டத்தைப் பார்த்தால் அதன் தேவையும் புரிகிறது. ஆனால் கரைக்குச் செய்கிற அலங்காரம் தண்ணீருக்குப் போய்ச் சேராது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருப்பவர்கள் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் விளக்குக் கம்பம் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் ஏரி மீனை நாங்கள் பிடித்து வறுத்துத் தின்னலாமா? தின்னலாம் என்று அதிகாரி எழுத்தில் தருகிற வரைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே கேளுங்கள்.